டிரான்ஸ்பார்மருக்குப் பஞ்சாமிர்தம்

ஆலாங்கரை துணைமின் நிலையத்தில் வெடித்த டிரான்ஸ்பார்மரின் மூடியைக் கிரேன் தூக்கியதும், கிரேன் ஓட்டியவர் இறங்கி ஓடிப்போய் வேலியோரம் வாந்தி எடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கருகிய எண்ணெய் நாற்றம் எனக்குப் பழகிப்போனது. செத்த டிரான்ஸ்பார்மரைத் திறந்து, எதனால் செத்தது என்று சொல்வதுதான் என் வேலை. ஆனால் இது வேறு நாற்றம். அழுகிய வாழைப்பழம், புளித்த வெல்லம், தீய்ந்த காகிதம் மூன்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவைத்த மாதிரி. துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டேன். அப்படியும் தொண்டைக்குள் இறங்கியது.

"கோயில் மடப்பள்ளியில நிக்கிற மாதிரி இருக்குல்ல மேடம்?" என்று சிரித்தார் பிரதீபன்.

டிரான்ஸ்பார்மருக்குள் ஓடும் உயிரெண்ணெயைத் தயாரிக்கும் கம்பெனியின் விஞ்ஞானி அவர். வெள்ளைச் சட்டை, ஒரு சொட்டு எண்ணெய் படாத காலணி. அவர் நின்றுகொண்டிருந்த இடத்தில்தான் போன வாரம் லைன் இன்ஸ்பெக்டர் ரத்தினசாமி வெந்து செத்தார். தரையில் இன்னும் கறை போகவில்லை. கறையின் மேல் நின்றுகொண்டு இவர் சிரித்தார். எனக்கு அப்போதே அவரைப் பிடிக்கவில்லை.

எங்கள் மேற்பார்வைப் பொறியாளர் குணசீலன் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார். "பிரதீபன், எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லிடுங்க. நாளைக்கு மேலிடத்துல கேப்பாங்க. நான் முழிக்கக் கூடாது."

"சிம்பிள் சார். உள்ள செம்புக் கம்பியைச் சுருளாச் சுத்தியிருக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல காகிதம். எல்லாம் எண்ணெய்ல ஊறிக்கிட்டு இருக்கும். லோடு ஏறுனா கம்பி சூடாகும். சூட்டுல காகிதம் கருகும். கருகுன இடத்துல ரெண்டு கம்பி ஒண்ணோட ஒண்ணு தொட்டுச்சுன்னா கதை முடிஞ்சுது."

"அது தெரியும்யா. உங்க எண்ணெய் என்ன பண்ணுது?"

"அதுக்குள்ள நுண்ணுயிர் இருக்கு சார். கருகுன நாரைத் தின்னுட்டு, அதே இடத்துல புது நார் நெய்யும். புண்ணு ஆறுற மாதிரி. நெய்யறதுக்குச் சர்க்கரை வேணும். அதுக்குத்தான் பக்கவாட்டுல ஒரு வாய் வெச்சு, எங்க தீவனக் குப்பியைப் பொருத்தியிருக்கோம். எவ்வளவு ஊட்டணும்னு எங்க ஆபீஸ்ல இருந்தே கம்ப்யூட்டர் பாத்துக்கும். உங்க ஆளுங்க தொடவே வேண்டாம்."

"தொட்டா?"

"இதான் ஆகும். சர்க்கரை அதிகமானா நெய்யறதும் அதிகமாகும். நுங்கு மாதிரி கொழகொழன்னு வளர்ந்து எண்ணெய் ஓடுற சந்துகளையெல்லாம் அடைச்சிடும். சூடு வெளிய வராது. உங்க வீரக்குமார் ஊத்துன பஞ்சாமிர்தம் ஒரு உயிரைக் குடிச்சிடுச்சு சார்."

குணசீலன் முகத்தில் நிம்மதி வந்தது. ஒரு ஆள் கிடைத்துவிட்டால் அதிகாரிகளுக்கு வரும் நிம்மதி அது. எத்தனையோ விபத்துகளில் அதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

வீரக்குமாரைப் பற்றி ஊருக்கே தெரியும். ஆலாங்கரையின் ஆபரேட்டர். ஆயுத பூஜையன்று எல்லா நிலையங்களிலும் டிரான்ஸ்பார்மருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைப்பார்கள். இவன் ஒரு படி மேலே போனான். உள்ளே இருப்பது உயிர் என்று கம்பெனியே சொல்லிவிட்டது. உயிருக்கு வெறும் மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது பாவம் என்று நினைத்து, தீவன வாயைத் திறந்து பழனிப் பஞ்சாமிர்தத்தை ஊற்றினான். அதோடு விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஊற்றினான். நெற்றி நிறைய விபூதியோடு அதை வீடியோ எடுத்துப் போட்டான். 'எங்க ஆத்தா சாப்பிடுறா பாருங்க' என்று பின்னணிப் பாட்டு வேறு. நாடே பார்த்துச் சிரித்தது. கோடை தொடங்கும்போது குணசீலன் மெமோ கொடுத்தார். கம்பெனிக்காரர்கள் வந்து, தங்கள் குப்பி மட்டும் ஊட்டும்படி வாய்க்குச் சீல் வைத்தார்கள். சித்திரை வெயிலில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.

இப்போது வீரக்குமார் சஸ்பென்ஷனில் இருந்தான். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு, ஜாமீன். நான் கொடுக்கும் அறிக்கைதான் அவனைச் சிறைக்கு அனுப்பும், அல்லது வீட்டுக்கு அனுப்பும். சிறைக்கே அனுப்பட்டும் என்றுதான் நினைத்தேன். இயந்திரத்துக்கு இனிப்பு ஊட்டி வீடியோ போடுகிறவன் மேல் எனக்கு எந்தப் பரிவும் இல்லை.

சுருளை வெளியே எடுத்துத் தகரக் கூரையின் கீழ் வைத்துப் பிரிக்கத் தொடங்கினேன். கையுறையையும் மீறிப் பிசுபிசுத்தது. தீவன வாய் இருந்த பக்கம் பிரதீபன் சொன்ன நுங்கு இருந்தது. பழுப்பாக, காய்ந்து, தேமல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கொஞ்சம்தான். அதைச் சுரண்டிவிட்டு எண்ணெய் ஓடும் சந்துகளில் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் தாராளமாகப் போய் வந்தது. ஒரு சந்தில் அல்ல, எல்லாச் சந்திலும். அடைப்பு எங்கே?

கீழ்ச் சுற்றுகளுக்குப் போனதும் நான் கையை நிறுத்தினேன். அங்கே கம்பி அம்மணமாக இருந்தது. காகிதம் கருகியிருந்தால் கரியாவது இருக்கும். இங்கே கரியும் இல்லை. செம்பு பளபளத்தது, யாரோ நக்கித் துடைத்த தட்டு மாதிரி.

மேல்சுற்றில் மிச்சமிருந்த காகிதத்தை வெங்காயம் உரிப்பதுபோல ஒவ்வொரு அடுக்காக உரித்தேன். அடியில் தொழிற்சாலையில் சுற்றிய பழைய காகிதம், கருகி நொறுங்கியது. அதன் மேல் கம்பெனித் தீவனத்தில் நெய்த வெள்ளை அடுக்கு, சிலந்தி வலை கனத்துக்கு. அதன் மேல் வெல்ல நிறத்தில் ஒரு அடுக்கு. இழுத்துப் பார்த்தேன், கிழியவில்லை. பல்லால் கடித்துத்தான் கிழிக்க வேண்டும் போலிருந்தது. என் வேலையில் இவ்வளவு உறுதியான காகிதத்தை நான் பார்த்ததில்லை. அதன் மேற்பரப்பு முழுக்கப் பொத்தல், கரையான் அரித்த மாதிரி.

பிரதீபனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இந்தப் பழுப்பு அடுக்கு பஞ்சாமிர்தத்துல நெய்ஞ்சது. சரிதானே?"

"இருக்கலாம்."

"நல்லா இருந்திருக்கு. அப்புறம் இதை எது தின்னுச்சு?"

அவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை.

"டாக்டர், ஒரு சந்தேகம். சர்க்கரை தீர்ந்துபோனா உங்க நுண்ணுயிர் என்ன பண்ணும்?"

"நெய்யறதை நிறுத்திடும்."

"தின்னறதை?"

"அதுக்கும் பசிக்கும்ல மேடம்," என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "லேப்ல அந்த அளவுக்குப் பட்டினி போட்டதில்ல," என்றார்.

"அப்ப இங்க எவ்வளவு ஊட்டுனீங்க?"

"அதிகமா ஊட்டினா அடைச்சுக்கும்ங்கிற பயம் உண்மை மேடம். அதனால கம்மியா வெச்சோம். நகரத்துல சரியாத்தான் வெச்சிருக்கோம். இந்த மாதிரி ஊர்கள்ல லோடு அவ்வளவா இருக்காதுன்னு கம்ப்யூட்டர் கணக்கு."

"கிணத்து மோட்டார் அத்தனையும் கோடையில ஓடுற ஊரு இது."

"அது எங்க மாடல்ல இல்ல."

மாடலில் இல்லையாம். ரத்தினசாமியும் மாடலில் இருந்திருக்க மாட்டார். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பிசுபிசுப்புப் போகவில்லை.

அன்று மாலையே வீரக்குமார் வீட்டுக்குப் போனேன். மொட்டையடித்திருந்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, முதல் காரியமாகக் கைப்பேசியை நீட்டினான். "பரீதா மேடம், நீங்க என் வீடியோ பாத்திருக்கீங்களா? எப்பிடி வைரலாச்சு தெரியுங்களா?"

ஒருவன் மேல் இரக்கப்பட வந்திருக்கும்போது அவன் இப்படிச் செய்தால் என்ன செய்வது? "வீடியோ கிடக்கட்டும். சீல் வெச்சப்புறம் என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க."

முகம் மாறியது. "சத்தம் மாறிப்போச்சுங்க மேடம். மொதல்ல ஹ்ம்னு ஒரே சீரா இருக்கும். அப்புறம் கரகரன்னு ஆச்சு. ரத்தினசாமி அண்ணன்தான் மொதல்ல சொன்னாரு, என்றா வீரா, ஆத்தா பட்டினியா இருக்காளான்னு. கேலிக்குத்தான் சொன்னாரு. போன் பண்ணிச் சொன்னோம். கம்பெனி ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையாத்தான் காட்டுதுன்னுட்டாங்க. அன்னைக்கு மத்தியானம் நான் சாப்பிட உக்காந்தேன். நீ தின்னுட்டு வா, நான் போய்ப் பாக்கறேன்னு போனாரு."

கைப்பேசியைத் தரையில் கவிழ்த்து வைத்தான். "நான் ஊத்துனதுதான் அடைச்சுக்கிச்சுன்னு சொல்றாங்களே. நெசங்களா மேடம்? நான்தான் அண்ணனைக் கொன்னனா?" என்று கேட்டான்.

"இல்ல," என்றேன்.

"அதைச் சாந்தாமணி அண்ணிகிட்டயும் சொல்லுங்க மேடம். எழவுக்குப் போனப்ப என் மூஞ்சியில மண்ணை வாரி எறிஞ்சாங்க."

சாந்தாமணி ரத்தினசாமியின் மனைவி. நான் போய்ச் சொன்னேன். அவர் காது கொடுக்கவில்லை. "கண்ட கருமத்தையும் கரண்டு மிசினுக்குள்ள ஊத்துனவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வந்துட்டீங்களாக்கும். போங்க மேடம்," என்று கதவைச் சாத்தினார். கம்பெனியின் வெள்ளைச் சட்டைக்காரர் எனக்கு முன்பே வந்து போயிருந்தார்.

எனக்கு இன்னொரு கவலை இருந்தது. ஆலாங்கரையோடு ஒரே லாரியில் வந்த டிரான்ஸ்பார்மர் ஒன்று மேட்டூற்று நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் பஞ்சாமிர்தம் ஊற்றியதில்லை. லோடு கொஞ்சம் குறைவு என்பதால்தான் இத்தனை நாள் தாங்கியிருந்தது. போய்ப் பார்த்தேன். அதுவும் கரகரத்தது. எண்ணெயை எடுத்துச் சோதித்தால், சுருள் எங்கோ கொதிக்கும்போது வரும் வாயுக்கள் ஏறிக்கொண்டிருந்தன. அந்த நிலையத்தை நம்பித்தான் அரசு மருத்துவமனை இருந்தது. நிலைய மதிலை ஒட்டிப் பேருந்து நிறுத்தம்.

"நிறுத்திடலாம் சார்," என்றேன் குணசீலனிடம்.

"இந்த வெயில்ல ரெண்டு ஊரை இருட்டுல போட்டுட்டு நான் எங்க போய் ஒளியறது? அறிக்கை முடியட்டும்."

பிரதீபனிடம் கேட்டேன், மேட்டூற்றுக்குத் தீவனத்தையாவது ஏற்றச் சொல்லி. போனில் நீண்ட மூச்சு விட்டார். "மேடம், எனக்கும் மனசு இருக்கு. ஆனா இப்ப டோஸ் ஏத்தினா, முன்னாடி கம்மியாக் கொடுத்தோம்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். லீகல்ல விட மாட்டாங்க."

போனை வைத்தேன். பேருந்து நிறுத்தத்தில் ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். கம்பெனித் திரையில் பச்சை எரிந்துகொண்டிருக்கும். உள்ளே அந்தக் கொழகொழப்பு சுருளை நக்கிக்கொண்டிருக்கும். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் அறிக்கைக்குக் காத்திருப்பார்கள்.

மறுநாள் காலை பழனி அடிவாரத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

"வீட்டுக்குங்களா, குடுத்து அனுப்பறதுக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

"டிரான்ஸ்பார்மருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அவரும் வீடியோ பார்த்திருக்கிறார். பெரிய டப்பாவாக எடுத்துக் கொடுத்தார்.

அதிலிருந்த பேரீச்சம்பழத்தையும் கற்கண்டையும் துணியில் வடிகட்டி நீக்கினேன். மேட்டூற்றில் தீவன வாய்க் கதவின் கம்பெனிச் சீலைக் குறட்டால் அறுத்தேன். ஊற்றும்போது என்னை நினைத்தே எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் யாராவது பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? பல வருடம் படித்து, எத்தனையோ சுருள்களைப் பிரித்து, கடைசியில் வீரக்குமாரின் வேலையை வீரக்குமாரைவிடக் கேவலமாக, ஒளிந்து ஒளிந்து செய்துகொண்டிருந்தேன். அவன் நல்லது செய்வதாக நம்பியாவது செய்தான்.

வாரம் ஒருமுறை ஊற்றினேன். வாயுக்கள் மெல்ல இறங்கின. கரகரப்பு தேய்ந்து ஒரே சீரான ஹ்ம் திரும்பியது. ஆலாங்கரைப் பழுப்புக் காகிதத்தையும் மேட்டூற்று எண்ணெய்ச் சோதனைகளையும் அங்கே நானே ஊற்றியதையும் சேர்த்து அறிக்கை எழுதினேன். பட்டினியால் செத்தது, இனிப்பு ஊட்டியவன் அதன் ஆயுளை நீட்டித்தான் என்று நேராகவே எழுதினேன். குணசீலன் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க பரீதா," என்றார். ஒரு பிரதி கம்பெனிக்குப் போயிற்று. பிரதீபன் கூப்பிட்டு, எந்தக் கடை, என்ன அளவு, வடிகட்டினீர்களா என்று அக்கறையாகக் கேட்டார். மனசாட்சி விழித்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அரசாங்கத்துக்குப் போன அறிக்கை வேறு. அதில் 'அந்நியப் பொருள் கலப்பு' என்று இருந்தது. என் பெயர் இல்லை. நான் அறுத்த சீலுக்காக எனக்கு மெமோ வந்தது. வீரக்குமாரை வேலையை விட்டே நீக்கினார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தது. கோர்ட்டில் நானே போய்ச் சாட்சி சொன்னேன். கம்பெனி வக்கீல் எழுந்து, "நீங்களும் ஊற்றினீர்களாமே?" என்று கேட்டதும் கோர்ட்டே சிரித்தது.

புரட்டாசி முடியும்போது ஆயுத பூஜை வந்தது. ஆலாங்கரைக்குப் புது டிரான்ஸ்பார்மர் வந்திருந்தது, அதே உயிரெண்ணெயோடு. சாந்தாமணிக்குக் கருணை அடிப்படையில் அங்கேயே உதவியாளர் வேலை கொடுத்திருந்தார்கள். கணவன் வெந்த இடத்தைத் தினமும் கூட்டிப் பெருக்குகிற வேலை. இதற்குக் கருணை என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை.

என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பந்தல், பூசணிக்காய், பொரி கடலை, ஃபோட்டோகிராபர். புது டிரான்ஸ்பார்மருக்குச் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தது. வேலிக்கு வெளியே சாலையின் மறுபக்கம் வீரக்குமார் நின்றிருந்தான். உள்ளே வர அவனுக்கு அனுமதி இல்லை.

பிரதீபன் ஒரு அழகான பழுப்புப் பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தார். "எங்க புதுத் தயாரிப்பு சார். கோடைக்கால ஊட்டச்சத்து. வாரம் ஒரு பாட்டில், உங்க ஆளுங்களே ஊத்திக்கலாம். எல்லா ஊருக்கும் அனுப்பறோம். முதல் பாட்டிலை ரத்தினசாமி சார் வீட்டம்மா கையால ஊத்தினா நல்லா இருக்கும்னு கம்பெனியில ஃபீல் பண்றாங்க."

"ரொம்பப் பொருத்தம்," என்றார் குணசீலன். "வாம்மா. கேமராவைப் பாத்து நில்லு."

சாந்தாமணி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கம்பெனி மருந்து என்ற மரியாதை. பிறகு மூடியைத் திருகினார்.

வாழைப்பழம், வெல்லம், ஏலக்காய், நெய். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த வாசனை தெரியாத ஆள் கிடையாது. எனக்கு அந்தத் தகரக் கூரையும் பிசுபிசுத்த கையுறையும் ஞாபகத்துக்கு வந்தன.

சாந்தாமணி பாட்டிலை இன்னொருமுறை முகர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் திரும்பி, வேலிக்கு வெளியே நின்ற வீரக்குமாரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஊத்தும்மா, வெயில் ஏறுது," என்றார் குணசீலன்.

சாந்தாமணி தீவன வாயருகே போய்ப் பாட்டிலைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உள்ளே இறங்கும்வரை அப்படியே பிடித்திருந்தார். கேமரா சொடுக்கியது. இரண்டு பேர் கை தட்டினார்கள்.

காலிப் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு அவர் குணசீலன் முன்னால் வந்து நின்றார். குரல் உயரவில்லை.

"ஏனுங்க சார், இதை ஊத்துனதுக்கு என்மேலயும் கேஸ் போடுவீங்களா?"

கை தட்டியவர்கள் நிறுத்தினார்கள். குணசீலன் பிரதீபனைப் பார்த்தார். பிரதீபன் கைப்பேசியை எடுத்தார். சாந்தாமணி பதிலுக்காக அங்கேயே நின்றிருந்தார். பின்னால் புது டிரான்ஸ்பார்மர் ஹ்ம் என்று ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.